தாடைக்கு ஏறிய காத்து

டாக்ஸிக் கதவைத் திறந்தபோது எனக்கு முன்பே ஒரு வாசனை உள்ளே உட்கார்ந்திருந்தது. கோடாலித் தைலம். ஓட்டுநர் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் சின்னப் புட்டியைத் திறந்து மூக்கருகே ஆட்டி மூடினார். வெளியே மலேசியாவின் ஜொகூர் பாரு, அதன் மேம்பாலங்கள். உள்ளே, கண்ணை மூடினால், கும்பகோணம் பேருந்து நிலையம். காக்கிச் சட்டையில் அப்பா. பயணிகள் ஏறி முடிவதற்குள் தைலத்தைத் தாடையில் தேய்த்துக்கொண்டு, "வாயுடா, பிடிச்சுக்கிச்சு" என்கிறார். யாரோ கப்பலில் வந்தவர் கொடுத்த புட்டி அது. டாக்டரிடமும் போனார். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தார், எழுதியதும் வாயுவுக்குத்தான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா இல்லை. டாக்டர்கள் எழுதுவதை நான் நம்பாமல் போனது அங்கிருந்துதான்.

அப்படிப்பட்ட என்னைத்தான், கதை எழுதுகிறவன் என்பதால், டாக்டர்களைப் பழக்கும் இடத்துக்கு வந்து கொஞ்சம் எழுதிக் கொடு என்று கூப்பிட்டிருந்தார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று விமானப் பயணம் முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

என்னைச் சந்தேகிக்கவும் ஆள் இருந்தது. விமான நிலையத்துச் சுங்க அதிகாரி என் பையிலிருந்து கஷாயப் பொடி டப்பாவை எடுத்து முகர்ந்து, தூர வைத்துப் பார்த்து, இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் முகரச் சொன்னார். "என்ன இது?" "மருந்து." "எதற்கு?" "ரத்தக் கொதிப்புக்கு." "டாக்டர் கொடுத்ததா?" இல்லை என்றேன். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தேன். எந்தக் கம்பெனி எந்த டாக்டரை எந்தத் தீவுக்கு அழைத்துப்போய் எழுத வைத்த மாத்திரையோ, யார் கண்டது. அதிகாரி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகம் சுருங்கியது என்னைப் பார்த்தா, பொடியின் நாற்றத்திலா என்று கடைசிவரை தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்டவர் சந்திரன். தஞ்சாவூரில் மருத்துவம் படிக்க வந்த மலேசியாக்காரர்; அப்போது நானும் அவரும் ஒரே மெஸ்ஸில் கடன் சொல்லிச் சாப்பிட்டவர்கள். இப்போது ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் வீடு. பின்பக்கம் முழுக்கப் பட்டறைகள். ஒருவன் இரும்பை அறுக்கிறான், அடுத்தவன் அதையே தட்டுகிறான். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, தன் வேலையை விளக்கினார் சந்திரன். ஒதுக்குப்புற ஊர்களுக்குப் போகும் குடும்ப மருத்துவர்களைப் பழக்குவது. பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லாத இடத்தில், பிறந்த குழந்தை முதல் படுத்துவிட்ட கிழவர் வரை ஒரே ஆள் பார்க்க வேண்டும். பயிற்சியில் ஒரு பகுதி மெர்சிங்கிலிருந்து படகேறித் தீவுகளுக்குப் போவது. "போன தடவ ஒரு பையன் கர்ப்பிணியப் பாக்கப் போனான் மாப்ளே. கரைக்குப் போறதுக்குள்ள அவன் வாந்தியெடுத்து, அந்தப் பொண்ணு இவனுக்கு மோர் குடுத்துச்சு."

"இதுல நான் எதுக்கு?"

"பரீட்சைக்கு நடிக்கிற நோயாளி வேணும். மலாய்ல எழுத ஆள் இருக்கு, சீனத்துல இருக்கு. தமிழ்ல நாங்க எழுதுனா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு."

ஆக, பொய் நோயாளிகள். சொல்லிக்கொடுத்த வலியை அவர்கள் சொல்வார்கள்; டாக்டர் விசாரிப்பார்; மூலையில் தேர்வாளர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். ஒவ்வொரு வேடத்துக்குள்ளும் ஒரு ரகசியம் புதைத்து வைக்கப்பட்டிருக்கும். பக்குவமாகக் கேட்டால்தான் நோயாளி அதைச் சொல்ல வேண்டும். பொய்யை வைத்து நிஜத்தைப் பழக்குவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் எழுதினேன். மூட்டு வலியோடு வரும் ஒரு பெண். அவள் ரகசியம்: சர்க்கரை மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கஷாயத்தைக் குடிக்கிறாள். அந்த ரகசியத்துக்காக நான் வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஒத்திகைக்காகப் பாலோ என்ற சிற்றூருக்குப் புறப்பட்டோம். கைபேசி காட்டிய குறுக்கு வழியில் சந்திரன் காரைத் திருப்ப, அது எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. செம்பனை ஒரு வினோதமான காடு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே இடைவெளி, ஒரே அரை இருட்டு. இப்போது கடந்த மரத்தை முன்பே கடந்தோமோ என்று மனம் குழம்புகிறது. ஒரு திருப்பத்தில் பழக்குலைகள் ஏற்றிய லாரி பாதிச் சரக்கைச் சிவப்பாகச் சிந்திவிட்டு நின்றது. ஒதுங்கப் போன எங்கள் கார் சேற்றில் இறங்கியது. ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி டிராக்டரில் வந்து கயிறு கட்டி இழுத்தார். அவர் கையில் முள் கிழித்த காயம் பழுத்திருந்தது. சந்திரன் சேற்றிலேயே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளினிக்குக்கு வா என்று மலாயில் சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டு டிராக்டரில் ஏறினார். வரமாட்டார் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவரும் நம்பாதவர்தான்; எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

காரைத் தள்ளியதில் என் பின்மண்டை கனத்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன?" என்றார் சந்திரன். "வெயில்" என்றேன். வானம் மூடிக் கிடந்தது.

பாலோ ஒரு தெரு, ஒரு ரயில் நிலையம், சில கடைகள், சுற்றிலும் செம்பனை. கிளினிக் வாசலில் நாற்காலிகள் ஒரே கோட்டில் இருந்தன, மின்விசிறி சுற்றியது, கழிப்பறையில் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் ஒரு கிளினிக் இத்தனை சுத்தமாக இருந்தால் மந்திரி வருகிறார் என்று பொருள். இங்கே யார் வருகிறார்கள் என்று நான் கண்ணால் தேடினேன். யாரும் வரவில்லை. ஒரு இளம்பெண் மட்டும் வெளியே வந்து, "பசியாறிட்டீங்களா சார்?" என்றாள்.

"இன்னும் ஆறலம்மா. வழியில ரெண்டு வாழைப்பழம்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கே பசியாறுவது என்றால் காலை உணவு சாப்பிடுவது. அவள் பெயர் தர்ஷினி; பயிற்சி மருத்துவர். தம்போய்ப் பட்டறைகளில் ஒன்று அவள் அப்பாவுடையது. சந்திரன் என்னைத் தனியே இழுத்துச் சொன்னார்: "இந்தக் கிளினிக்குக்கு நிரந்தரமா ஒரு குடும்ப மருத்துவர் இல்ல. வர்றவங்க தங்க மாட்டேங்கிறாங்க. இவ ஒருத்திதான் பாலோ வேணும்னு கேட்டா. நாளைக்குப் பாஸ் பண்ணிட்டா அந்த நாற்காலி இவளுக்கு. இல்லன்னா அடுத்த பரீட்சை வரைக்கும் காலி."

பாலோவைக் கேட்டு வாங்குகிற ஒருத்தி. கைக்கெட்டும் தூரத்தில் சிங்கப்பூர் இருக்கும்போது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒத்திகை, கிளினிக்கை ஒட்டிய பொதுமண்டபத்தில். என் நோயாளியாக நடிக்க வந்தவர் புஷ்பா அக்கா. ஐம்பதுகளின் முடிவில் இருப்பார். உதட்டில் சாயம், உயரமான கொண்டை, அதில் துணிப்பூ. கோயில் திருவிழா நாடகங்களில் சந்திரமதியாக அழுது பேர் வாங்கியவர். பிறகு குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இந்தப் பரீட்சைகளில் வெகுகாலமாக நடிக்கிறார். என் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"யாரு சார் இத எழுதுனது?"

"நான்தான்."

"கோவிச்சுக்காதீங்க. 'என் முழங்காலுக்குள் மழை பெய்கிறது'ன்னு இருக்கு. முட்டியில எப்படி லா மழ பெய்யும்? கூர ஒழுவுதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வலியின் ஈரத்தைச் சொல்ல முயன்றிருப்பதாக விளக்கினேன்.

"வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுவோம் சார். அப்புறம், 'டிபன் சாப்பிட்டதும்'னு போட்டிருக்கீங்க. பசியாறுனதும்னு மாத்துங்க. சர்க்கரை வியாதி இல்ல, இனிப்புநீர். இந்தம்மா எந்த ஊருன்னு டாக்டருங்களுக்கே சந்தேகம் வந்துரும்."

ஒவ்வொரு வரியிலும் அவர் கை வைத்தார். மழையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில், "சரி, சொல்லிட்டுப் போறேன். ஆனா மூஞ்சி சிரிச்சா என்னைக் கேக்காதீங்க" என்று தாளை மடித்துவைத்தார். பிறகு கைப்பையிலிருந்து தைலம் எடுத்துத் தாடையோரம் தேய்த்துக்கொண்டார். மண்டபத்தில் அந்த வாசனை பரவியது.

"பல் வலியா?"

"காத்து சார். வரும், போவும்." புட்டியை மூடினார். "எங்க தோட்டத்துல ஒரு டிரெசர் இருந்தாரு. டாக்டர் கெடையாது, ஆனா தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவருதான் ராஜா. எல்லா நோவுக்கும் ஒரே செவப்புத் தண்ணிதான் குடுப்பாரு. கொறஞ்சது, அவரு எங்கயும் போவல. அங்கயேதான் இருந்தாரு, அங்கயேதான் செத்தாரு."

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையொன்றில் ஒதுங்கினேன். கடைக்காரரின் தாத்தா ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரராம். நான் கேட்காமலேயே ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே போயிருக்கிறீர்களா என்றார். போயிருக்கிறேன் என்று சும்மா சொன்னேன். இலவசமாக ஒரு முட்டை வந்தது. மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸில் இருந்தது ஆட்டிறைச்சிதானா என்று கரண்டியால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் பழகிய கொண்டை தெரிந்தது. புஷ்பா அக்கா. எதிரில், மேசைமேல் குனிந்தபடி, தர்ஷினி.

தேர்வெழுதுகிறவரும் நடிக்கிறவரும் பரீட்சைக்கு முன் பேசிக்கொள்ளக் கூடாது என்று சந்திரன் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்.

மழைச் சத்தத்தில் துண்டு துண்டாகத்தான் கேட்டது. புஷ்பா அக்கா: "நெசமாவா சொல்ற?" தர்ஷினி: "சத்தியமாக்கா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்." பிறகு இரண்டு தலைகளும் இன்னும் நெருங்கின. தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரின் குவளைகளுக்கு மேல் நுரை அடங்கியது. என் ரகசியம், மாத்திரையும் கஷாயமும், அந்த மேசைமேல் கைமாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலோவைக் கேட்டு வாங்குகிறவள் எப்படிப் பாஸ் பண்ணுவாள் என்பது புரிந்துவிட்டதாக நினைத்தேன். முட்டையைத் தொடாமல் நனைந்துகொண்டே அறைக்குப் போனேன்.

பரீட்சையன்று மண்டபம் திரைச்சீலைகளால் தடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு நோயாளி. மணி அடித்தால் டாக்டர் உள்ளே வருவார். அடுத்த மணிக்கு வெளியே போவார். எங்கள் தடுப்பில் தேர்வாளர் டாக்டர் ஹஸ்னா. மலாய்க்காரர், அளந்து பேசுகிறவர். தமிழ் தெரியாது, என் வசனத்தின் மொழிபெயர்ப்பு அவர் மடியில் இருந்தது. நோயாளி எழுதியதைத்தான் சொல்கிறாரா என்று கவனிக்க அவருக்குப் பின்னால் நான். நோயாளியாக நடிப்பவரை வேடத்திலிருந்து வெளியே இழுத்தால் அந்தச் சுற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அது எல்லாருக்கும் தெரிந்த விதி.

மணி அடித்தது. தர்ஷினி வந்து நாற்காலியைக் கொஞ்சம் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வணக்கம்மா. என்ன செய்யுது?"

"முட்டி வலி டாக்டர்." புஷ்பா அக்கா முனகினார். நல்ல நடிப்பு. என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "முட்டிக்குள்ள மழ பெய்யுது" என்றார். சிரிக்கவில்லை.

"எப்பம்மா கூடுதலா இருக்கு?"

"மாடிப்படி ஏறுறப்போ." இது எழுதியதுதான். அடுத்து, இரவில் தூக்கம் வருவதில்லை என்று வர வேண்டும். வரவில்லை. "படி ஏறுனா காத்தும் ஏறுது. இங்க." தாடையைத் தொட்டார். "உக்காந்தா எறங்கிடுது. இப்பல்லாம் நடந்தாலே வருது."

நான் எழுதாத வசனம். எனக்கு ஆத்திரம் வந்தது. என் மழையைக் கிண்டல் செய்த கை இப்போது பரீட்சையிலேயே தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறது. முன்னால் குனிந்து ஹஸ்னாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் மொழிபெயர்ப்பில் வரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தர்ஷினி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். புஷ்பா அக்காவின் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுச் சாயத்துக்கு மேல் பொடிப்பொடியாக வேர்வை. மண்டபத்தில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப இருக்கா?"

"இருக்கு."

அவள் பேனாவை வைத்தாள். 'அம்மா' போய்விட்டது. "அக்கா, இது எழுதுனதா, உங்களோடதா?"

புஷ்பா அக்காவின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தர்ஷினி எழுந்து திரையை விலக்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. "நிறுத்தணும் டாக்டர்," என்றாள் ஹஸ்னாவிடம், ஆங்கிலத்தில். "இவங்களுக்கு இப்பவே இசிஜி எடுக்கணும்."

பிறகு நடந்தவற்றைக்கூட நடிப்பின் தொடர்ச்சியாகத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலி, பக்கத்துக் கிளினிக், மார்பில் ஒட்டிய கம்பிகள். தாளில் ஊர்ந்த கோட்டைப் பார்த்ததும் சந்திரனின் முகம் மாறியது. அந்த முகத்தை அவரால் நடிக்க முடியாது. மெஸ் கணக்கில்கூட அவருக்குப் பொய் சொல்ல வந்ததில்லை. ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். "அலமாக், என்னா கசப்பு" என்றார் புஷ்பா அக்கா. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கொண்டையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினார். "சார், நான் நல்லாத்தான நடிச்சேன்?"

வண்டி குளுவாங் பக்கம் போனது. தைல வாசனை மட்டும் படிக்கட்டில் நின்றது. அப்பாவின் தாடை நினைவுக்கு வந்தது; அதுவும் வாயுவாக இருந்திருக்காது, இதயமாகத்தான் இருந்திருக்கும். நான் அந்த வரியைக் கேட்டேன். என் காதால்தான் கேட்டேன். ஆனால் எனக்குக் கேட்டது, யாரோ என் எழுத்தை மாற்றுவதாகத்தான்.

அன்று பிற்பகல் தேர்வாளர்கள் கூடினார்கள். தர்ஷினி ஓரத்தில் நாற்காலி நுனியில் இருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்திருந்தாள். அந்தச் சுற்றில் நடந்ததைத் தமிழ் தெரிந்தவர் என்ற முறையில் என்னிடம் கேட்டார் ஹஸ்னா. சொன்னேன். சொல்லி முடித்ததும் நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை. "முந்தின நாள் மாலை இவர்கள் இரண்டு பேரும் கடையில் ரகசியம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்" என்றேன்.

சேற்றிலிருந்து காரை இழுத்தவரின் சிரிப்பில் இருந்த அதே நம்பாமை தர்ஷினியின் பார்வையில்; இம்முறை அது என்மேல்.

"அப்படியென்றால் வினா கசிந்ததா?" என்றார் ஹஸ்னா.

என் தாளைக் கையில் எடுத்தேன். மாத்திரை. கஷாயம். மதிப்பெண்ணில் பாதி அந்த ரகசியத்துக்கு. தர்ஷினி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அந்தப் பக்கமே திரும்பவில்லை. கசிந்திருந்தால் உள்ளே வந்ததும் அதைத்தானே தோண்டியிருப்பாள்?

"இல்லை," என்றேன். "கசியவில்லை. இவர் கேட்டது எதுவும் என் தாளில் இல்லை. என் தாளில் இருப்பது எதையும் இவர் கேட்கவில்லை." என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

ஹஸ்னா தன் தாளைச் சரிபார்த்து, கண்ணாடியைக் கழற்றினார். "நான் அவள் இடத்தில் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். கேட்காத கேள்விக்கு எப்படி மதிப்பெண் போடுவது? முந்தின நாள் பேசியதும் தவறுதான்." விவாதம் நீண்டது. சந்திரன் மேசையைத் தட்டினார். முடிவு மாறவில்லை. அந்தச் சுற்றில் பூஜ்யம். அடுத்த தடவை அதை மட்டும் மறுபடி எழுத வேண்டும். நாற்காலி அதுவரை காலி.

அடுத்த நாள் குளுவாங் மருத்துவமனைக்குப் போனேன். புஷ்பா அக்காவை மேல்சிகிச்சைக்கு ஜொகூர் பாருவுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சாயமில்லாத உதடு அவரை வேறு ஆளாக்கியிருந்தது. கொண்டை மட்டும் இருந்தது.

"ஏன்க்கா பரீட்சையில போய்ச் சொன்னீங்க? பக்கத்துலயே கிளினிக் இருக்கே?"

"எப்பவும் சொல்லுவேன் சார். நீங்க எழுதுறதுல எப்பவும் என்னோடது ஒண்ணச் சேத்து விடுவேன். காது இருக்கான்னு பாக்க. ஒரு தடவ தோள்பட்ட. ஒரு தடவ தூங்காம அழுவுறேன்னு சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எழுதுனத மட்டும் கேட்டுட்டு, மணி அடிச்சதும் தேங்க்யூ ஆன்ட்டி. எல்லாரும் பாஸ். எல்லாரும் போயிட்டாங்க."

"உயிரோட வெளையாடுறதா இது?"

"அப்போ வேற யாருகிட்டச் சொல்றது?" அவர் குரல் ஏறியது, பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "இங்க இருக்கப் போறவங்ககிட்டதான சார் ஒடம்பச் சொல்ல முடியும்? போறவங்ககிட்டச் சொல்லி என்னா? மொதல்லருந்து இன்னொருத்தருக்குச் சொல்லணும். அதான் அந்தப் புள்ளய நானே கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன், நீயும் ஓடிருவியான்னு. சிங்கப்பூருல வேல கெடச்சுதாம், வேணாம்னுட்டாளாம். அவ அப்பாவுக்கே தெரியாதாம், சொல்லிடாதீங்கன்னா. நான் நம்பல. நடிக்கிறவளுக்குத் தெரியாதா, எவளும் எதையும் நெசம் மாதிரி சொல்லுவா. செரி, காது இருக்கான்னு பாப்போம்னு விட்டேன்."

"இருந்துச்சு."

"இருந்துச்சு." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடியபடியே, "பூஜ்யமாமே?" என்றார். "என்னாலதான? அலமாக். அடுத்த பரீட்சைக்கும் நான்தான் வருவேன்னு சந்திரன் டாக்டருகிட்டச் சொல்லுங்க. ஆனா அந்த மழைய எடுத்துருங்க சார்."

எடுத்துவிட்டேன். அன்றிரவே.

புறப்படும் நாளில் என்னைக் குளுவாங் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டது தர்ஷினிதான். சந்திரன் வரச் சொன்னாராம். அவளாக வந்திருக்கமாட்டாள் என்று நினைத்தேன், அது சரியாகவும் இருக்கலாம். நடைமேடையை ஒட்டிய கடையில் கோப்பி குடித்தோம். கரியைக் கரைத்தது போன்ற கறுப்பு, அடியில் சீனி. கரியில் வாட்டிய ரொட்டிக்குள் வெண்ணெய் உருகாமல் கட்டியாக இருந்தது. அவள் ரொட்டியை நான்காகப் பிய்த்து, ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

"கோவமா?"

"ஆமா சார்." உடனே சொன்னாள். "பூஜ்யத்துக்கு இல்ல. கடையில எங்களப் பாத்தீங்கள்ல, அங்கயே எழுந்து வந்து என்கிட்ட கேட்டிருக்கலாம். கேக்காமலே முடிவு பண்ணிட்டீங்க. எங்களுக்குச் சொல்லிக் குடுக்குற மொத பாடமே அதான், சந்தேகம் வந்தா வாயத் தெறந்து கேளுன்னு."

கோப்பியின் அடிச் சீனியைக் கலக்கினேன்.

"இப்பவாவது கேக்கறேன். சிங்கப்பூர் போயிடுவீங்களா?"

"அப்பாகிட்ட முந்தாநேத்துச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பட்டறையில யார்கூடவும் பேசாம இரும்ப அறுத்துட்டிருந்தாரு. அப்புறம் என் காடிக்கு எஞ்சின் எண்ணெ மாத்திக் குடுத்தாரு, பாலோ ரோடு மோசம்னு." தோளைக் குலுக்கினாள். "நிரந்தர எடம் இப்ப இல்ல. சாதாரண டாக்டரா அங்கயே போறேன். அதே ரூம், அதே நாற்காலி. போர்டுல மட்டும் பேரு சின்ன எழுத்துல இருக்கும். புஷ்பா அக்கா ஆஸ்பத்திரிலருந்து வந்தா என்கிட்டதான் காட்டணும்."

இருப்பாளா? அந்த அறையில் எத்தனை பேர் இதையே சொல்லியிருப்பார்கள். நம்பலாமென்று ஒரு மனம் சொன்னது. இன்னொன்று வழக்கம்போல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ரயில் வரும் அறிவிப்பு மலாயில் ஒலித்தது. பையைத் தூக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பின்மண்டையில் அந்தக் கனம். கை தானாகக் கழுத்துக்குப் போனது. பையின் வாய் திறந்து கஷாய டப்பா நடைமேடையில் உருண்டது. அவள் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்முன் மூடியருகே முகர்ந்தாள்.

"என்ன சார் தலையில?"

"ஒண்ணும் இல்லம்மா. பிரயாண அலுப்பு."

ரயில் வந்து நின்றது. ஏறிக் கதவருகே திரும்பினேன். அவள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள், முகத்தைச் சற்றுச் சாய்த்து, அன்று திரைக்குள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவளின் அதே நிதானத்தோடு.

"பரீட்சை முடிஞ்சப்புறம் உங்க தாளப் படிச்சேன் சார். மாத்திரைய நிறுத்திட்டு யாருக்கும் சொல்லாம கஷாயம் குடிக்கிறது. அது எழுதுனதா, உங்களோடதா?"